ஸ்கர்ட்டிங் மேலே கோக்: ஈரவிரலால் இழுக்கலாமா?

தூரிகை:
லேமினேட் தரை பற்றிய திரியில் ‘உளி’ என்பவர், இங்கிலாந்தில் புதுசா வீடு வாங்கிய ஒருத்தருக்கு, ஸ்கர்ட்டிங் என்ற சுவரடிப் பலகைக்கு மேலே உள்ள இடைவெளியை டியூப்பில் வரும் கோக் என்ற பசையால் அடைப்பது பற்றி அருளிய வாக்கு: "ஸ்கர்ட்டிங்குக்கும் சுவருக்கும் நடுவுல கோக்கைப் பிதுக்கு, விரலைத் தண்ணியில முக்கி ஒரே இழு, ஒரு மணி நேரத்துல பெயிண்ட். சின்னப் பிள்ளை கூட செய்யும்."

சின்னப் பிள்ளை செய்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். அக்ரிலிக் கோக்கே தண்ணீரில் கலந்த சரக்கு. அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும்போதுதான் அது சுருங்கி இறுகுகிறது. அதன் மேல் இன்னும் தண்ணீரைக் கொண்டுபோய்த் தடவினால் மேல்தோல் கரைந்து பால் மாதிரி ஆகும், ஓரம் தாள் போல மெலியும். மெலிந்த ஓரம்தான் முதலில் விடும். ஸ்கர்ட்டிங் மேலே முடி மாதிரி ஒரு கோடு ஓடுகிறதே, அது அந்த ஈரவிரலின் வேலை. விரலை முக்கக் கூடாது. அவ்வளவுதான்.

உளி:
வணக்கம் சார். டியூப்பைத் திருப்பி முதுகுப் பக்கம் படிச்சிருக்கீங்களா? ஈரவிரலாலயோ ஈர ஸ்பாஞ்சாலயோ தடவச் சொல்லி எத்தனையோ டியூப்ல போட்டிருக்கு. செஞ்சு விக்கிறவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. காய்ஞ்ச விரலால இழுத்துப் பாருங்க, முக்கால் மீட்டர் போறதுக்குள்ள கோக் விரல்லயே ஒட்டிக்கிட்டு பின்னாடியே எழும்பி வரும்.

தூரிகை:
ஒரு மணி நேரத்தில் பெயிண்ட் அடிக்கலாம் என்றும்தான் அதே முதுகில் போட்டிருக்கிறது. விற்கிறவன் அப்படித்தான் எழுதுவான்.

காய்ந்த விரலில் ஒட்டுகிறது என்றால் அளவுக்கு மேல் பிதுக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். டியூப் மூக்கின் முனையை 45 பாகை சாய்த்து வெட்ட வேண்டும், துளை 3 மி.மீ. இருந்தால் போதும். டியூப்பின் கழுத்தில் மரைக்கு மேலே இருக்கும் மூடிய நுனியை முதலில் அறுக்காமல், மூக்கை மட்டும் வெட்டிவிட்டு ‘வரமாட்டேங்குது’ என்று, டியூப்பை மாட்டிப் பிதுக்கும் கன்னை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் டியூப்பின் பின்பக்கம் பிதுங்கிக் கையெல்லாம் ஆகும். கன்னைச் சுவரோடு 45 பாகையில் பிடித்து, ஒரே வேகத்தில், ஒரு தடவைக்கு 1 மீட்டர். நிறுத்தும் இடத்தில் பின்னாலுள்ள தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோக் புழு மாதிரி வந்துகொண்டே இருக்கும். இப்படிப் போட்டால் விரலுக்கு வேலையே இல்லை, ஈரத்துக்கு என்ன வேலை?

கிராய்டன்காரி:
ரெண்டு பேரும் விரலையே பிடிச்சுத் தொங்குறீங்க. பெயிண்ட்ல ஆத்து வண்டல் காஞ்ச மாதிரி வெடிப்பு வர்றதுக்கு விரல் காரணமே இல்ல. அடியில கோக் இன்னும் சுருங்கிட்டிருக்கும், மேல பெயிண்ட் இறுகிடும், அதான் கிழியுது. புது பிளாஸ்டர்ல அடிக்கிற மலிவு மேட் எமல்ஷன்ல பிசின் கம்மி, சுண்ணத்தூள் ஜாஸ்தி. அதை கோக் மேல அடிச்சா நிச்சயம் வெடிக்கும். ஒரு ராத்திரி முழுக்க விட்டு, கோக் மேல மட்டும் அக்ரிலிக் அண்டர்கோட் (அடிப்பூச்சு) ஒரு கை ஓட்டி, அப்புறம் எமல்ஷன் அடிங்க.

தூரிகை:
சரி, அக்கா. ஆனால் ஓரம் ஏன் மெலிந்தது? ஈரவிரல்.

யாழ்_தச்சன்:
அண்ணைமார், பலகை ஆடினா எந்தக் கோக்கும் நிக்காது. முதல் அதைப் பாருங்கோ. பிளாஸ்டர்போர்ட் (ஜிப்சம் பலகை) சுவரெண்டா உள்ளுக்கை 400 இல்லாட்டி 600 மி.மீ. இடைவெளியிலை மரச்சட்டம் நிக்கும், அதுக்குள்ளை திருகாணி போகவேணும். வெறும் பசையிலை ஒட்டின, மரநாரிலை செய்த எம்.டி.எஃப். பலகை, சுவர் வளைஞ்ச இடத்திலை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டுதான் இருக்கும். மரப்பலகையெண்டா மாரியிலை ஹீட்டர் போட்டவுடனை காஞ்சு சுருங்கும், இடைவெளி பெருக்கும். அந்த நேரம் நிரப்பினா கோடையிலை அமுங்கும், பிரச்சினை இல்லை. கோடையிலை நிரப்பினா மாரியிலை இழுபட்டுக் கிழியும்.

மற்றது, ஈரவிரல் எண்டா தண்ணி சொட்டுற விரலோ, துணியிலை துடைச்ச விரலோ? அதை ஒருதரும் சொல்லேல்லை.

உளி:
தச்சர் அண்ணே, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. பலகை ஆடுனதுக்கு விரலைத் திட்டுறாரு இவரு. விரல் ஈரமா இருந்தாத்தான் வழுக்கும், வழுக்குனாத்தான் கோடு ஒரே சீரா வரும். அரிசி மாவைக் கரைச்சுக் கோலம் போடற கையைப் பாருங்க, ஈரம் இல்லாமயா?

தூரிகை:
கோலம் வருஷக்கணக்காக நிற்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் கழுவிவிடுவார்கள். உங்கள் கோக்கும் அதே கதிதான்.

புதுவீடு:
அந்தத் திரியில கேட்டது நான்தான். ரூம் 4 மீட்டருக்கு 3.5. எத்தனை டியூப் வேணும்? ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே, லேமினேட் பக்கமும் போடணுமா?

கிராய்டன்காரி:
சுத்தளவு 15 மீட்டர், கதவைக் கழிச்சா 14 சொச்சம். 5 மி.மீ. உருண்டையா பிதுக்கினா மீட்டருக்கு ஏறக்குறைய 20 மில்லி போகும், 310 மில்லி டியூப் ஒண்ணு சரியா 15 மீட்டருக்கு வரும். ரெண்டு வாங்கிக்குங்க. 380 மில்லி பெரிய டியூப் வாங்கிட்டு வந்தீங்கன்னா சின்ன கன்னுக்குள்ள போகாது.

உளி:
கீழயும் மெல்லிசா ஒரு கோடு இழுத்துடுங்க, தூசி போகாது.

தூரிகை:
பார்த்தீர்களா! இவர்தான் நிபுணர். லேமினேட் மிதக்கும் தரை, அடியில் ஒட்டாமல் சும்மா கிடப்பது. சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. விட்டு வைப்பதே அது விரிந்து சுருங்கத்தான். அதையும் ஸ்கர்ட்டிங்கையும் கோக்கால் ஒட்டிப் போட்டால் கோக் பிய்யும், இல்லாவிட்டால் அழுக்குக் கோடாகக் கறுக்கும். இடைவெளி தெரிந்தால் ஸ்கோஷியா பீடிங் என்ற மெல்லிய மூலைச்சட்டம் வையுங்கள். அதன் ஆணி ஸ்கர்ட்டிங்கில் இறங்க வேண்டும், தரையில் அல்ல. இதே ஆள்தான் ஈரவிரலும் சொன்னார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உளி:
பழைய காலத்து விக்டோரியன் வீட்டு மரப்பலகைத் தரையில அடியிலேர்ந்து குளிர்காத்து அடிக்கும், அங்க கீழ அடைக்கத்தான் செய்வாங்க. அதைத்தான் சொன்னேன்.

தூரிகை:
கேட்டது லேமினேட்.

உளி:
சார் போன மாசம் கதவு நிலைத் திரியிலயும் இப்படித்தான் என் வாயில இல்லாததைத் திணிச்சாரு. பழகிப் போச்சு. அது சரி, ‘கோக்’னு எழுதுறீங்களே, அது குடிக்கிற கோக் ஆச்சே. கால்க்னு எழுதணும்.

தூரிகை:
இங்கே கடையில் போய் ‘கால்க்’ கொடுங்கள் என்று கேளுங்கள், முகத்தைப் பார்ப்பான். உச்சரிப்பு கோக். விரலை விட்டுவிட்டு எழுத்துக்கு ஓடுகிறீர்கள்.

யாழ்_தச்சன்:
துடைச்ச விரலோ, சொட்டுற விரலோ?

கிராய்டன்காரி:
புதுவீடு, இன்னொண்ணு. ஆணி ஓட்டையிலயும் வெளிமூலை ஜாயின்ட்லயும் கோக் வைக்காதீங்க. அது ரப்பர், உப்புத்தாள் போட்டாத் தேயாது, உருண்டு உருண்டு வரும். அதுக்கு ரெண்டு பொருளைக் கலந்து போடற மரஃபில்லர். சுவர் வளைஞ்சு 6 மி.மீ.க்கு மேல வாய் திறந்திருந்தா ஒரே தடவையில நிரப்பாதீங்க, காய்ஞ்சதும் நடுவுல குழி விழும். உள்ள நுரைக்கயிறு திணிச்சு, மேல ஒண்ணு, மறுநாள் இன்னொண்ணு.

புதுவீடு:
நன்றி அக்கா. வெள்ளை சிலிகான் ஒண்ணு வீட்ல கிடக்கு, அதையே போடலாமா?

உளி:
கூடாது. பெயிண்ட் பிடிக்காது, மீன் கண்ணு மாதிரி விலகி விலகி நிக்கும்.

தூரிகை:
இதை மட்டும் சரியாகச் சொன்னார். ஆனால் ஈரவிரல் சிலிகானுக்குத்தான் சரி. அங்கே சோப்புத் தண்ணீர் தெளித்து இழுப்பார்கள், சிலிகான் தண்ணீரில் கரையாது. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் சோப்புத் தண்ணீரை எடுத்து வருகிறார்கள். சோப்பு தங்கிய இடத்தில் பெயிண்ட் உரியும்.

உளி:
சோப்புன்னு நான் எங்க சொன்னேன்? தண்ணின்னுதான் சொன்னேன். மேல போய்ப் படிங்க.

தூரிகை:
முக்கி என்றீர்கள். ‘முக்கி’. நானும் மேலே போய்ப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உளி:
முக்கிட்டு உதறத்தான் செய்வாங்க, வாளியோடயா தூக்கிட்டுப் போவாங்க?

தூரிகை:
உதறு என்று எழுதவில்லையே.

புதுவீடு:
கடைசியா ஒண்ணு. பாதி டியூப் மிஞ்சினா என்ன செய்யறது?

தூரிகை:
முனைக்கு வெளியே ஒரு 2 செ.மீ. பிதுக்கி அப்படியே விடுங்கள். அது காய்ந்து தக்கையாக அடைத்துக்கொள்ளும், அடுத்த தடவை இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாக வரும். கன்னின் தகட்டை அமுக்கிக் கம்பியைப் பின்னால் இழுத்து வையுங்கள். முனையைச் சுற்றி ஒட்டியிருப்பதை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

உளி:
ஓஹோ. ஈரத்துணி.

தூரிகை:
முனை வேறு, கோடு வேறு.

உளி:
ஈரம் ஒண்ணுதானே சார்.

யாழ்_தச்சன்:
நான் ரெண்டு தரம் கேட்டுப்போட்டன்.

தூரிகை:
தச்சர், நீங்கள் இதில் வராதீர்கள். இவர் ‘முக்கி’ என்று எழுதியது தப்பு என்று ஒரே ஒரு வரி எழுதட்டும்.

உளி:
நீங்க டியூப் முதுகைப் படிச்சேன்னு ஒரு வரி எழுதுங்க.