ஜெர்க்கி: காயவைக்கும் முன் கறியைச் சூடாக்கியே ஆகவேண்டுமா?

காரமிளகு:
டிஹைட்ரேட்டர் (சூடான காற்றில் உணவைக் காயவைக்கும் மெஷின்) வாங்கியதிலிருந்து மாட்டின் தொடைக்கறியில் ஜெர்க்கி, அதாவது மசாலாவில் ஊறவைத்துக் காயவைத்த கறித்துண்டு, போடுகிறேன். சோயா சாஸ், பூண்டு, மிளகு, கொஞ்சம் சர்க்கரை. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு 60 டிகிரியில் காயவைப்பேன். டப்பாவில் போட்டு மூடுவதற்குள் பசங்க பாதியைக் காலி செய்துவிடுவார்கள். இப்போது உறவினர் ஒருவர், "பச்சைக் கறியை 60-ல் வைத்தால் கிருமி சாகாது, முதலில் வேகவை" என்கிறார். வேகவைத்தால் சக்கையாகிவிடாதா? இன்னொன்று, சில துண்டுகள் மேலே விறைப்பாகவும் உள்ளே ஈரமாகவும் வருகின்றன. ஏன்?

அடுப்படி ஆள்:
உறவினர் சொன்னது சரி. மெஷினில் தெரியும் 60 காற்றின் சூடு, கறியின் சூடு இல்லை. ஈரம் ஆவியாகும்வரை அதுவே கறியைக் குளிர்த்திக்கொண்டிருக்கும். துண்டு சூடேறுவதற்குள் மேற்பரப்பு காய்ந்துவிடும். காய்ந்தபிறகு சால்மோனெல்லா, ஈ.கோலை மாதிரிக் கிருமிகள் எல்லாம் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். அப்புறம் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் நம்ப முடியாது. மாட்டுக்கறி உள்ளே 71 டிகிரி, கோழி 74 டிகிரி தொட்ட பிறகே காயவைக்கச் சொல்கிறது அமெரிக்க வேளாண் துறை.

வேகவைப்பது என்றால் குழம்புக்கு வேகவைக்கிற மாதிரி இல்லை. ஊறிய சாற்றையே கொதிக்கவிட்டு, துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சூடு ஏறியதும் எடுத்துவிட வேண்டியதுதான். மெல்லிய துண்டில் தெர்மாமீட்டரைக் குத்த முடியாது. அதன் முனையைச் சுற்றித் துண்டை மடித்துப் பிடித்துப் பாருங்கள்.

உள்ளே ஈரம் நிற்பது பெரும்பாலும் தடிமன் சீராக இல்லாததால். கறியைப் பாதி உறையவைத்து 5 மி.மீ. அளவில் வெட்டுங்கள். கத்தி வழுக்காது.

மெல்லுவோன்:
முன்னாடியே கொதிக்கவிட்டால் கறி வெளுத்துப்போய், மெல்லும்போது உதிர்கிறது. எனக்கு அது ஜெர்க்கியே இல்லை! நான் வழக்கம்போலக் காயவைத்துவிட்டு, ஓவனை 135 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி 10 நிமிடம் வைக்கிறேன். தடிமனான துண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம். இதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான்.

நார் ஓடும் திசையில் வெட்டினால் இழுத்து இழுத்து மெல்லலாம், குறுக்கே வெட்டினால் பல்லுக்குச் சுலபம். பசங்களுக்குக் குறுக்கேதான்.

அடுப்படி ஆள்:
@மெல்லுவோன், ருசிக்கு உங்கள் வழி. பசங்க சாப்பிடுகிற வீட்டில் நான் முதலிலேயே சூடாக்கிவிடுவேன்.

உப்புக்கல்:
கொழுப்பை ஒட்ட வெட்டி எடுத்துவிடுங்கள். அது காயாது, சீக்கிரம் காறிப்போகும். பதம் பார்க்க ஒரு துண்டை ஆறவிட்டு வளையுங்கள்: விரிசல் விட வேண்டும், இரண்டாக உடையக் கூடாது. சூட்டோடு பார்த்தால் எல்லாமே ஈரமாகத்தான் தெரியும். நன்றாகக் காய்ந்தது காற்றுப் புகாத டப்பாவில் வெளியே ஓரிரு வாரம் தாங்கும், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

காரமிளகு:
எல்லோருக்கும் நன்றி. பசங்களுக்குக் கொதிக்கவிட்டு, எனக்கு ஓவனில். ஆனால் சாற்றிலேயே கொதித்தால் உப்பு ஏறாதா?

அடுப்படி ஆள்:
ஏறும். சோயா சாஸைக் கொஞ்சம் குறைத்து, அந்த அளவுக்குத் தண்ணீர் சேருங்கள். மிச்சமாகும் சாற்றைக் கொட்டிவிடுங்கள், அடுத்த ஈட்டுக்கு வைக்காதீர்கள்.