பாரிஸ் பெற்றோர் ப்ரூக்ளினுக்குக் குடிபோகலாமா?

அரங்கப்பித்தன்:
பிரெஞ்சு நாடகாசிரியர் யாஸ்மினா ரெஸாவின் 'காட் ஆஃப் கார்னேஜ்' நாடகத்தில் ஒரு வீட்டுப் பையன் இன்னொரு வீட்டுப் பையனைக் குச்சியால் அடித்துப் பல்லை உடைத்துவிடுகிறான். சமாதானம் பேச உட்காரும் பெற்றோர் நால்வரும் கடைசியில் தாங்களே சண்டைக்கோழிகளாகிறார்கள். கிறிஸ்டோபர் ஹாம்ப்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008-ல் லண்டனில் மேடையேறியபோது கதை பாரிஸில்தான் நடந்தது. 2009-ல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேக்கு வந்ததும் கதை நடக்கும் இடம் அதே நகரத்து ப்ரூக்ளின் ஆகிவிட்டது. பெற்றோரில் அலேன் ஆலன் ஆனார், வெரோனிக் வெரோனிகா ஆனார். பிரெஞ்சு நாடகம் பார்க்க வருகிறவரிடம் பிரான்ஸை ஏன் ஒளிக்க வேண்டும்?

தேன்மொழி:
காரணம் இருக்கிறது. வெரோனிக், சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த கொடுமைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற பெண்மணி. சொந்த வீட்டு வரவேற்பறையிலேயே அவருடைய நாகரிகம் கழன்று விழுகிறது. கதை பாரிஸில் நடந்தால் நியூயார்க்காரர், "பிரெஞ்சுக்காரர்கள் இப்படித்தான்" என்று சிரித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அந்த வழியைத்தான் அடைத்தார்கள். பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதும், சிறந்த நாடகம் என்று, கிடைத்ததே!

அரங்கப்பித்தன்:
விருதை இழுக்காதீர்கள். அதே ரெஸா, அதே ஹாம்ப்டன், 'ஆர்ட்' நாடகம். 1998-ல் அதற்கும் டோனி. செர்ஜ், மார்க், இவான் என்று பெயர்கள் அப்படியே இருந்தன. அதில் செர்ஜ் வாங்கும் வெள்ளை ஓவியத்தின் விலைகூட 2,00,000 ஃபிராங்க்தான், டாலர் இல்லை.

தேன்மொழி:
நண்பரே, அது மூன்று நண்பர்கள் ஓர் ஓவியத்துக்காக முறைத்துக்கொள்வது, எங்கும் நடக்கும். பிள்ளை வளர்ப்பு அப்படியா? அப்புறம், நீங்கள் காக்க நினைக்கும் அந்த பிரெஞ்சு 'காட் ஆஃப் கார்னேஜ்' முதலில் மேடையேறியதே 2006-ல், ஜூரிச்சில், ஜெர்மன் மொழியில்!

கண்ணன்:
இரண்டு பேரும் வசூல் நாடகங்களையே பேசுகிறீர்கள். பிரெஞ்சு நாடகாசிரியர் ழான்-லுக் லகார்ஸை மறந்துவிட்டீர்களா? எய்ட்ஸ் நோயால் 1995-ல் 38 வயதில் இறந்தவர். 1990-ல் அவர் எழுதிய 'ஜுஸ்ட் லா ஃபேன் து மோந்த்' ('உலகத்தின் முடிவு, அவ்வளவுதான்') நாடகத்தில், தான் சாகப்போவதைச் சொல்ல ஒருவன் குடும்பத்தைத் தேடி வருகிறான், சொல்லாமலே திரும்புகிறான். எல்லோரும் சொன்னதையே திருத்தித் திருத்திப் பேசுவார்கள். அதை வேறு மொழி நடிகர் மூச்சுவிட்டுப் பேசும்படி எழுதுவதுதான் பெரும்பாடு. ஊர் மாற்றி என்ன ஆகப்போகிறது?

அரங்கப்பித்தன்:
சரியாகப் பிடித்தீர்கள். ஊர் மாற்றியே பழகிய தயாரிப்பாளர் மாற்ற வசதியான நாடகத்தைத்தான் தேடுவார், லகார்ஸ் பக்கம் திரும்பமாட்டார். ஆனால் மாற்றாமலும் முடியும்: இன்னொரு பிரெஞ்சு நாடகாசிரியர் ஃப்ளோரியான் ஸெல்லரின் 'தி ஃபாதர்' லண்டனிலும் பிராட்வேயிலும் மேடையேறியபோது கதை நடக்கும் இடம் பாரிஸ் வீடாகவே இருந்தது. மறதி நோயில் தவிக்கும் ஆந்த்ரே அங்கே யாருக்கும் அந்நியராகவில்லை.

தேன்மொழி:
2020-ல் அது படமானபோது ஆந்த்ரேவை ஆன்டனி ஆக்கி லண்டனில் குடிவைத்தவர் யார்? இயக்குநர் ஸெல்லரேதான். 'காட் ஆஃப் கார்னேஜ்' நாடகம் 'கார்னேஜ்' என்று படமானபோது அதன் ப்ரூக்ளின் திரைக்கதையிலும் ரெஸாவின் கை உண்டு. எழுதியவர்களுக்கே இல்லாத மனக்குறை நமக்கு எதற்கு?

அரங்கப்பித்தன்:
எழுதியவர் சம்மதித்தார், சரி. டிக்கெட் வாங்கியவரை யார் கேட்டார்கள்? கண்ணன் கேட்ட லகார்ஸுக்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.