புதுப்பிப்பு: பச்சை இலை டி-சர்ட் கம்பெனி பதில் போட்டது

காலரில் பச்சை இலைப் படம் போட்டு விற்கும் ஒரு டி-சர்ட் பிராண்டை நம்பலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெயர் இப்போதும் வேண்டாம். நீங்கள் சொன்னபடி மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன்: எங்கே தைக்கிறீர்கள், எங்கே சாயம் போடுகிறீர்கள், கூலி எவ்வளவு?

பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தையல் திருப்பூரில். கூலி "சட்டப்படி". சாயப்பட்டறை பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு உறுத்துவதே அதுதான். நொய்யல் ஆறு கெட்டதும், ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும் பட்டறைகளால்தானே? 2011இல் சென்னை உயர் நீதிமன்றமே திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

அப்புறம் சான்றிதழ். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 படத்தை இணைத்திருந்தார்கள். துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. தைத்தவரின் கூலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கழிவுநீர், தொழிலாளர் நிலை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது ஆர்கானிக் துணிகளுக்கான ஜி.ஓ.டி.எஸ். சான்றிதழ். அதற்கு உரிம எண் உண்டு, இணையத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டேன். இன்றுவரை மௌனம்.

2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பற்றியும் கேட்டிருந்தேன். பெண் தொழிலாளர்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்க தொழிற்சங்கமும் ஆலை நிர்வாகமும் போட்டது அது. "எங்கள் கொள்கை கடுமையானது" என்று பதில். சரி.

டி-சர்ட் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது, நாலு துவைப்புக்கும் சாயம் போகவில்லை. ஆனால் இன்னொன்று வாங்கப்போவதில்லை. எண் வந்தால் இங்கேயே போடுகிறேன்.