பைப் புகையிலை காய்ந்துவிட்டது, ஜாடியில் வெள்ளைப் புள்ளிகள் வேறு: என்ன செய்யலாம்?

பனிக்காட்டான் (கால்கரி, கனடா)
வணக்கம். என்னிடம் இருப்பது வர்ஜீனியா ஃப்ளேக் (அழுத்தி மெல்லிய வில்லைகளாக நறுக்கிய பைப் புகையிலை), 50 கிராம் தகர டப்பா. பனி தொடங்கும் முன் திறந்தது, பாதிகூட முடியவில்லை. மூடியை அழுத்தித்தான் மூடுகிறேன். இருந்தும் இப்போது ஒரு வில்லையை எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. பற்றவைத்தால் சட்டென்று எரிந்து நாக்கைச் சுடுகிறது. வீட்டில் ஹீட்டர் இரவு பகலாக ஓடுகிறது, அதுதான் காரணமா?

இன்னொன்று. அதே ரகத்தை முந்தைய குளிர்காலத்தில் இரண்டு கண்ணாடி ஜாடிகளில் அடைத்து பேஸ்மென்டில் வைத்திருந்தேன். இரண்டிலும் இலைமேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பூஞ்சையா? தூக்கிப் போட மனசு வரவில்லை, இங்கே விலை அப்படி.

சேத்துப்பட்டு பைப்
முதலில் ஜாடியைப் பார்த்துவிடுவோம். மூடியைத் திறந்தவுடன் என்ன வாசனை வருகிறது? உலர்திராட்சை, வைக்கோல், கொஞ்சம் புளிப்பு என்றால் பயமில்லை. மழைக்காலத்தில் பூட்டி வைத்த பீரோ வாடை வந்தால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஒரு வில்லையை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம். நாள்பட்ட ஃப்ளேக்கில் சிலசமயம் இலையின் மேல் படிகம் பூக்கும். அது மணல் தூவியதுபோல் தட்டையாக ஒட்டிக்கொண்டு மினுங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் கரைந்துவிடும். பூஞ்சை மினுங்காது. பஞ்சுபோல் எழும்பி நிற்கும், இழை இழையாக ஒரு வில்லையிலிருந்து அடுத்ததற்குத் தாவியிருக்கும், தண்ணீரில் கரையாது. இரண்டையும் பார்த்து எழுதுங்கள்.

சுங்கான் சித்தப்பா (யாழ்ப்பாணம், இப்போது ஸ்கார்பரோ)
தம்பி, தகர டப்பா திறக்கும்வரைக்கும்தான் காவல். உள்ளிருக்கும் வெற்றிடம்தான் மூடியை இறுக்கிப் பிடித்திருக்கும். திறந்தவுடன் அது போய்விடும், அப்புறம் எவ்வளவு அழுத்தி மூடினாலும் ஓரத்தால் காற்று போய் வரும். நீள்சதுர டப்பா என்றால் இன்னும் மோசம். பிளாஸ்டிக் பை உறையும் அப்படித்தான். கால்கரி குளிர்காலக் காற்றில் ஈரம் என்பதே கிடையாது, ஹீட்டர் மிச்சத்தையும் உறிஞ்சிவிடும்.

பலசரக்குக் கடையில் ஊறுகாய், ஜாம் போடும் பெர்னார்டின் ஜாடி விற்கிறார்களே, 250 மில்லி அளவு, அதில் ஒரு 50 கிராம் டப்பா சரியாக அடங்கும். பெரிய ஜாடியில் போடாதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முழுச் சரக்குக்கும் காற்றுப் படும். டப்பா திறந்த அன்றே ஜாடிக்கு மாற்றி, மூடிமேல் பெயரும் தேதியும் எழுதி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். ஜாடியை அடுப்பில் சூடாக்கி மூட வேண்டும் என்று சிலர் சொல்லுவினம். தேவையில்லை, சரக்கு வெந்துபோகும்.

மதுரை மல்லி
காய்ந்ததற்கு ஒரு துண்டு ஆப்பிள் உள்ளே போட்டு மூடி வையுங்கள், இரண்டு நாளில் மெத்தென்று ஆகிவிடும். எங்கள் தாத்தா உருளைக்கிழங்குத் தோல் போடுவார்.

சேத்துப்பட்டு பைப்
ஆப்பிள் வேண்டாம். ஈரத்தோடு பூஞ்சை வித்தையும் சேர்த்து உள்ளே விடும் வேலை அது. தாத்தா காலத்தில் வாரத்துக்குள் புகைத்துத் தீர்த்திருப்பார்கள், பிரச்சினை தெரிந்திருக்காது.

சரியான வழி இது. புகையிலையை அகலமான பாத்திரத்தில் பரப்பி, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியைப் பாத்திரத்தின் வாய்மேல் இழுத்துக் கட்டுங்கள். துணி இலையைத் தொடக்கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். விரல்களுக்கு நடுவே கிள்ளிப் பாருங்கள்: கட்டியாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது, நொறுங்கினால் போதவில்லை, மெதுவாக விரிந்து பழைய நிலைக்கு வந்தால் ஜாடிக்கு மாற்றிவிடலாம். அவசரப்பட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டாம், ஒரு மூலை நனைந்து மறு மூலை காய்ந்து கிடக்கும். பொறுமை இல்லையென்றால் ஈரப்பதத்தைச் சீராக வைத்திருக்கும் 62 சதவீத போவெடா பொட்டலம் ஒன்றை ஜாடியில் போட்டு மறந்துவிடுங்கள்.

கொஞ்சம் குறைவாகவே நனையுங்கள். ஈரம் கூடியதை ஜாடியில் அடைத்தால்தான் பூஞ்சை பூக்கும். சென்னைக்காரன் சொல்கிறேன், எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் இதே தலைவலிதான்.

வழிப்போக்கன்
புகையிலையையே விட்டுவிட்டால் ஜாடி செலவும் மிச்சம்.

பனிக்காட்டான்
மறுக்கவில்லை ஐயா. வீட்டம்மாவும் அதையேதான் சொல்கிறார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஜாடியில் உள்ளது மினுங்குகிறது, ஒரு சொட்டு நீரில் கரைந்துவிட்டது, வாசனையும் அருமை. மற்றதில் ஜாடிச் சுவரை ஒட்டிய பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாமா? காய்ந்ததற்குத் துணி கட்டியிருக்கிறேன்.

சேத்துப்பட்டு பைப்
காப்பாற்ற முடியாது. கண்ணுக்குத் தெரிவது ஒரு ஓரம், வித்து ஜாடி முழுக்க இருக்கும். பூஞ்சை பிடித்ததைப் புகைத்து நுரையீரலுக்குக் கூடுதல் வேலை கொடுக்காதீர்கள். மொத்தமாகக் கொட்டி, ஜாடியைக் கொதிநீரில் கழுவுங்கள், மூடித் தட்டைப் புதிதாக மாற்றுங்கள். கொட்டுவதை ஒரு பையில் கட்டிப் போடுங்கள். வீட்டில் நாயோ குழந்தையோ இருந்தால் வாயில் வைத்துவிடக்கூடாது, நிக்கோட்டின் விஷம்.

பனிக்காட்டான்
சரி, கொட்டிவிடுகிறேன். துணி வேலை செய்துவிட்டது, வில்லை இப்போது மடிக்க மடிகிறது. கடைசியாக ஒன்று: லட்டாக்கியா கலவை ஒன்றும், வெனிலா வாசனை போட்டது ஒன்றும் வாங்கலாம் என்றிருக்கிறேன். அதே ஜாடிகளைச் சுழற்சியில் பயன்படுத்தலாமா? எவ்வளவு காலம் வைக்கலாம்?

சுங்கான் சித்தப்பா
கண்ணாடியில் வாசனை ஏறாது, மூடியின் ரப்பரில் ஏறும். வெனிலா இருந்த மூடியை வர்ஜீனியாவுக்குப் போட்டால் வர்ஜீனியாவும் வெனிலா மணக்கும். ஆகவே மூடியைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலம் ரகத்தைப் பொறுத்தது. வர்ஜீனியா அடைத்து வைக்க வைக்க இனிமை கூடும், வருடக்கணக்கில் விடலாம். லட்டாக்கியா எங்கள் ஊர்ப் புகையிலைபோலப் புகை போட்டுப் பதமாக்கியது. அந்தப் புகை மணம் வருடங்கள் போகப்போக மங்கும், கெட்டுப்போகாது. வாசனை போட்டதை வைத்திருந்து பயனில்லை, சீக்கிரம் முடித்துவிடுங்கள். அதில் பெரும்பாலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்த்திருப்பார்கள், லேசில் காயாது, ஒருபோதும் ஈரம் சேர்க்காதீர்கள். மூன்றில் எதையும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்.