பரீட்சை அன்று மட்டும் வரும் வயிற்று வலி: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

பத்தாவது படிக்கும் பெண்ணின் அம்மா:
என் பெண் ஸ்டேட் போர்டு. அரையாண்டுத் தேர்வு சமயத்தில்தான் இது ஆரம்பித்தது. காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாலே குமட்டல், கை சில்லிட்டுப் போகும், உள்ளங்கை வியர்வையைத் துடைத்துத் துடைத்தே சுடிதார் ஓரம் ஈரமாகிவிடும். ஸ்கேன் வரைக்கும் பார்த்தாயிற்று, வயிற்றில் ஒன்றுமில்லை. "நடிக்கிறா" என்றார் என் மாமியார். பயத்தில் அட்ரினலின் சுரந்தால் ரத்தம் வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் போய்விடும், வலி நிஜம்தான் என்று டாக்டரே அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

படிக்காத பிள்ளை இல்லை. வீட்டில் கேட்டால் மளமளவென்று சொல்வாள். துருவித் துருவிக் கேட்டதில்தான் புரிந்தது, மூன்று மணி நேரமும் பயம் இல்லை. பொதுத்தேர்வு மாதிரியே பள்ளியிலும் 10 மணிக்கு வினாத்தாளைக் கொடுத்து, படித்துப் பார்க்க 10 நிமிடம், விடைத்தாளில் விவரம் சரிபார்க்க 5 நிமிடம் போக 10.15-க்குத்தான் எழுத விடுகிறார்கள். அந்தக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து தெரியாத கேள்வியையே வெறித்துக்கொண்டிருப்பதில்தான் இவள் உறைந்துபோகிறாள்.

சரி, அதை மட்டும் ஒத்திகை பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கணக்கு வினாத்தாளோடு உட்கார்ந்தோம். பேனாவைத் தொடக் கூடாது. கடைசிப் பக்கத்தை முதலில் திருப்ப வேண்டும், ஏனென்றால் 8 மதிப்பெண் கேள்விகளான வடிவியலும் வரைபடமும் அவளுக்கு அத்துப்படி. பாஸுக்கு 35 வேண்டும், அதில் 16 அங்கேயே கையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் முன்பக்கம் வரலாம். கூடவே மூச்சுப் பயிற்சி, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது. மூச்சை நிதானமாக, நீளமாக விட்டால் நெஞ்சுப் படபடப்பு இறங்கும். ஆனால் இதைப் பரீட்சை ஹாலில் போய் முதல்முறையாகச் செய்தால் வேலைக்கு ஆகாது, வீட்டில் தினமும் பழகியிருக்க வேண்டும்.

திருப்புதல் தேர்வுக்கும் குமட்டலோடுதான் போனாள். ஆனால் இந்தத் தடவை பேப்பரைக் காலியாக விடவில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியை:
ஹாலில் நிற்கும்போது எந்தப் பிள்ளை உறைந்துபோயிருக்கிறது என்று பார்த்த உடனே தெரியும். "தண்ணி குடிம்மா" என்பதற்கு மேல் நாங்கள் பேச முடியாது. பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், பிள்ளை வெளியே வந்ததும் கேட்டிலேயே வினாத்தாளைப் பிடுங்கி "இதுக்கு என்ன எழுதின?" என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த பரீட்சை இரண்டு நாளில் இருக்கும், பிள்ளையோ முடிந்துபோன ஒரு மார்க் கேள்விக்கு அழுதுகொண்டிருக்கும்.

பிளஸ் டூ பையனின் அப்பா:
எங்களுக்கு ஒத்திகையெல்லாம் போதவில்லை. தூக்கம் போய், "நான் இருந்து என்னப்பா பண்ணப் போறேன்" என்கிற அளவுக்கு வந்துவிட்டான். அந்தப் பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். நாங்கள் அன்று ராத்திரியே 14416-க்கு அடித்தோம், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். பிறகு மனநல மருத்துவரிடமும் போனோம். இப்போது தேறி வருகிறான். தங்கச்சி அடுத்த வருஷம் பத்தாவது. கணக்குக்குக் கடைசிப் பக்கம் என்றீர்களே அம்மா, சயின்ஸுக்கு எங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறீர்கள்?

பத்தாவது படிக்கும் பெண்ணின் அம்மா:
சயின்ஸுக்குப் படம் வரைகிற கேள்விதான் சார். இவளுக்குப் பென்சில் கையில் வந்துவிட்டால் நடுக்கம் குறைகிறது. உங்கள் பெண்ணுக்கு எது சுலபமோ அதைத் தேடச் சொல்லுங்கள்.