மொரார்ஜி தேசாய் மீதான சி.ஐ.ஏ. புகார்: வழக்கில் தோற்றதால் உண்மையாகிவிடுமா?

கேள்வி: 1989-ல் சிகாகோ நீதிமன்றத்தில், தான் போட்ட அவதூறு வழக்கில் முன்னாள் பிரதமர் மொரார்ஜி தோற்றார். அப்படியானால் அவர் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.விடம் பணம் வாங்கியது நிரூபணமானதாகத்தானே பொருள்?

பதில் 1: இல்லைங்க. அமெரிக்க அதிபர் ஜான்சன் ஆட்சியில் அவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் போனதாக அமெரிக்கப் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் 1983-ல் எழுதினார். மொரார்ஜி 5 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். அமெரிக்காவில் பொதுவாழ்வில் இருப்பவர், செய்தி பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. பொய் என்று தெரிந்தே, அல்லது பலத்த சந்தேகம் இருந்தும் பத்திரிகையாளர் எழுதினார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். 1964-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் சல்லிவன் தீர்ப்பு வைத்த விதி இது. பெயர் சொல்லாத ஆட்களை நம்பி எழுதியவரிடம் அதை நிரூபிப்பது பெரும்பாடு. ஜூரி ஹெர்ஷ் பக்கம் நின்றது. மொரார்ஜியைக் குற்றவாளி என்று யாரும் தீர்மானிக்கவில்லை.

பதில் 2: அந்த வழக்கில் அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சர் சொன்ன சாட்சியம் முக்கியம். தனக்குத் தெரிந்தவரை மொரார்ஜி சி.ஐ.ஏ. ஆள் அல்ல என்று சத்தியம் செய்து சொன்னார். இதை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் பகிர்வது அநியாயம். இப்படி எந்தத் தலைவர் மீது புகார் வந்தாலும் பணம் போன வழி, கொடுத்தவர், கைமாறாகக் கிடைத்தது என்ன என்று முதலில் கேளுங்கள்.