இழை: ‘றீபூட்’டுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது)

கிளிநொச்சி ரீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பதினோராம் தரத்துக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்கிறேன். தவணைக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு கைநூல் எழுதுகிறார்கள். சித்திரக்கதை வீரர்கள் எப்படித் திரைக்கு வந்தார்கள் என்பதுதான் பொருள். 1938இல் சீகலும் சஸ்ரரும் சுப்பர்மேனைக் கொண்டுவந்ததில் தொடங்கி ஒருமாதிரி முடித்துவிட்டார்கள். சுப்பர்ஹீரோவுக்கு ‘மீநாயகன்’ போட்டாயிற்று. அதைக் கிளறவேண்டாம். ‘றீபூட்’டில்தான் நிற்கிறோம்.

ரோபி மக்வயர் ஸ்பைடர்மேனாக 2002 தொடக்கம் 2007 வரை மூன்று படம் நடித்தார். 2012இல் அன்ட்ரூ கார்ஃபீல்ட் வருகிறார். திரும்பவும் சிலந்தி கடிக்கிறது, திரும்பவும் சித்தப்பா சாகிறார். முந்தின மூன்றும் நடக்கவே இல்லை என்கிற மாதிரி. இதைத்தான் றீபூட் என்கிறார்கள். ஒரு பிள்ளை ‘மீள்தொடக்கம்’ என்று எழுதியிருக்கிறா. இன்னொருத்தன் ‘முதல்ல இருந்து’ என்று எழுதியிருக்கிறான். உண்மையில் அவன் எழுதினதுதான் எனக்கு உடனே விளங்கினது. ஆனால் அதைத் தலைப்பாகப் போடேலாது.

வவுனியா மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மீள்தொடக்கம். கணினிக்கு ஏற்கெனவே புழங்குகிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கு?

முள்ளியவளை ஐயா எழுதியது:

> இதில் விவாதிக்க என்ன இருக்கு?

நிறைய இருக்கு. மீள்தொடக்கம் என்பதை வினைத்தொகையாகக் கொண்டால், ‘காலங் கரந்த பெயரெச்சம்’ என்ற விதிப்படி மீண்ட தொடக்கம், மீள்கின்ற தொடக்கம், மீளும் தொடக்கம் என்று விரியும். தொடக்கம் எங்கே போயிருந்தது மீளுவதற்கு? ஆங்கிலத்தின் முன்னொட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘மீள்’ ஒட்டுகிற பழக்கம் நமக்கு எப்போது தொற்றியதோ தெரியவில்லை.

சொல்லின் மூலத்தைப் பாருங்கள். பூட் என்பது சப்பாத்து. சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தானே தூக்குவது என்ற வழக்கிலிருந்துதான் கணினிக்காரர் இதை எடுத்தார்கள். ஆகவே ‘வாரெழல்’ என்று ஆக்கலாம். வார் என்பதற்குத் தோல்வார், நேர்மை, நீட்சி என்று பல பொருள் உண்டு. வார்தல், வார்ப்பு, வார்சடை...

ஒட்டுசுட்டான் எழுதியது:

ஐயா, வாரெழல் என்று எழுதினால் பிள்ளையள் அதை வாரியெழல் என்று வாசிக்குங்கள்.

‘மீள்’ எனக்கும் வேண்டாம். ஆனால் இலக்கணத்துக்காக இல்லை. 2009க்குப் பிறகு இங்க ‘மீள்’ என்டால் படிவம். மீள்குடியேற்றப் படிவம், மீளெழுச்சித் திட்டம், மீள்நிர்மாணம். முகாமில இருந்து வந்து, கிணத்தையும் வேலிக்கதியாலையும் அடையாளம் வைச்சு இதுதான் எங்கட காணி என்று கண்டுபிடிச்ச சனத்துக்கு அந்தச் சொல்லின்ர அர்த்தம் நல்லாத் தெரியும். போன இடத்துக்கே திரும்பி வாறது. றீபூட்டில ஒருத்தரும் திரும்பி வாறேல்லை. பழைய வீட்டை இல்லை என்டு சொல்லிப்போட்டுப் புது வீடு கட்டுறாங்கள்.

சுப்பர்மேனையே எடுங்கோ. 2006இல வந்த படம் கிறிஸ்ரோபர் றீவ் நடிச்ச பழைய படங்களின்ர தொடர்ச்சி. 1978இல வந்ததையும் 1980இல வந்ததையும் வைச்சுக்கொண்டு, அதுக்குப் பிறகு வந்த ரெண்டையும் கண்டுகொள்ளாமல் விட்டவங்கள். தலைப்பிலயே ‘ரிட்டர்ன்ஸ்’ இருக்கு. அதுக்கு ‘மீள்’ பொருந்தும். 2013இல ஹென்றி கவிலை வைச்சுச் செய்ததுதான் றீபூட். ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பிள்ளை என்னத்தைப் படிக்கும்?

‘புனர்வாழ்வு’ என்ட சொல்லில இருக்கிற ‘புனர்’ பக்கம் ஒருத்தரும் போகவேண்டாம். ஏன் என்டு நான் சொல்லத் தேவையில்லை.

மல்லாவி எழுதியது:

நீங்கள் மீநாயகன் என்கிறீர்கள். 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியபோதே சொல் வந்துவிட்டது. மாயாவி. என்னிடம் அட்டை போன பிரதி ஒன்று இன்னும் இருக்கிறது. கரண்ட் அடித்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். 90களில் அந்தப் புத்தகத்தைக் குப்பி விளக்கில் வாசித்துவிட்டு நாங்கள் கதைக்கிறது, அவர் வன்னிக்கு வந்தால் மறையவே ஏலாது என்று. பாட்டுக் கேட்கவே சைக்கிளைக் கவிட்டு வைத்து டைனமோ சுற்றுகிற ஊரில் அவருக்கு எங்கே கரண்ட்?

கிளிநொச்சி ரீச்சர் எழுதியது:

அண்ணா, நல்ல கதை. கேட்டது றீபூட்.

விசுவமடு எழுதியது:

எங்கட சொல்லு ஒன்று இருக்கு: மறுதாம்பு. அரிவி வெட்டின பிறகு அடிக்கட்டையில இருந்து திரும்ப வெடிச்சு வாற பயிர். ஒருக்கா அறுத்தாச்சு, அதே வயலில திரும்ப விளையுது. ஸ்பைடர்மேனும் அதுதானே?

ஒட்டுசுட்டான் எழுதியது:

சொல்லு அருமை. ஆனால் மறுதாம்பு பழைய வேரில வாறது. அது இரண்டாம் பாகத்துக்குத்தான் சரி. விளைச்சலும் முதல் வெட்டை விடக் குறைவு, அதுவும் பொருந்துது. றீபூட் என்றால் கட்டையை உழுது பிரட்டிப்போட்டுத் திரும்ப விதைக்கிறது.

வளாகத்துத் தம்பி எழுதியது:

நான் கணினி படிக்கிறேன். ஒரு விசயம் சொல்லலாமா? கணினியைத் திரும்பத் தொடக்கினால் தற்காலிக நினைவகம்தான் அழியும், வன்தட்டில் இருக்கிறது அப்படியே இருக்கும். படத்திலும் அதே. சித்திரக்கதை வன்தட்டு. 1962இல் லீயும் டிற்கோவும் ஸ்பைடர்மேனை முதலில் எழுதினதில் ஒரு எழுத்தும் அழியவில்லை. திரையில் இருந்த நினைவு மட்டும்தான் போகிறது. அதனால் கணினிச் சொல்லையே வைக்கலாம். மீள்தொடக்கம் சரி.

இன்னொன்று. 2021 ஸ்பைடர்மேன் படத்தில் மக்வயர், கார்ஃபீல்ட், ஹொலண்ட் மூன்று பேரும் ஒன்றாக வந்துவிட்டார்கள். பழையது நடக்கவே இல்லை என்ற வரைவிலக்கணம் அதோடு சரி. நடந்தது, ஆனால் வேறொரு அண்டத்தில். சித்திரக்கதைக்காரர் 1961இலேயே இதைச் செய்துவிட்டார்கள், பிளாஷ் என்ற மீநாயகனின் பழைய ஆளை இரண்டாம் பூமியில் குடியேற்றி.

வவுனியா மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

தம்பிக்கு நன்றி. முடிப்போமா?

முள்ளியவளை ஐயா எழுதியது:

தம்பி சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது. அவரே அதைக் கவனிக்கவில்லை. சித்திரக்கதை அழியவில்லை என்றால் அதுதான் முதல்நூல். படம் வழிநூல். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று வழிநூலைத் தொல்காப்பியர் நான்காக வகுத்துவிட்டார். சித்திரத்தைப் படமாக்குவது மொழிபெயர்ப்பா, விரித்தலா என்பது வேறு வழக்கு. 2007 வரை வந்தது ஒரு வழி. 2012இல் வந்தது முந்தின படத்துக்கு வழிநூல் அல்ல, அதே முதல்நூலுக்கு இன்னொரு வழி. ஆகவே சொல்: ‘மறுவழி’.

இது நமக்குப் புதிதும் அல்ல. இளங்கோவடிகளிடம் கண்ணகி மாநாய்கன் மகள். கண்ணகி வழக்குரை என்ற ஈழத்து நூலிலோ பாண்டியன் தோட்டத்து மாங்கனியிலிருந்து பிறந்து, பேழையில் வைத்துக் கடலில் விடப்படுகிறாள். பிறப்புக் கதையையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். மதுரையோடு முடியாமல் வற்றாப்பளை அம்மன் கோயில் வரை அவளைக் கூட்டியும் வந்துவிட்டோம். வைகாசிப் பொங்கலுக்குப் போகிற ஒருவரும், இதில் எது அசல் என்று கேட்டு நான் கண்டதில்லை. (மாநாய்கன் என்பதில் நாய்கன் வணிகன். மீநாயகனோடு குழப்பவேண்டாம். நாயகன் வடசொல். அதற்குப் பிறகு வருகிறேன்.)

ஒட்டுசுட்டான் எழுதியது:

மறுவழிக்கு என்ர ஆதரவு. இவ்வளவு நேரத்தில இதுதான் பொருளைத் தொட்டது.

விசுவமடு எழுதியது:

றோட்டு வேலை நடக்குது, மறுவழியால போங்கோ என்டு பலகை போட்ட மாதிரிக் கிடக்கு.

வவுனியா மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அதேதான். ஐயாவின் தருக்கம் பிழையில்லை. ஆனால் சொல்லைப் பார்த்த பிள்ளைக்குத் தொல்காப்பியம் இல்லாமல் விளங்கவேண்டும். கண்காட்சிக்கு வருகிற தாய் தகப்பனுக்கும் விளங்கவேண்டும். தூய்மையாக ஒரு சொல்லை ஆக்கிவிட்டு, அதை விளக்க அடைப்புக்குறிக்குள் றீபூட் என்று எழுதுவதில் என்ன லாபம்?

மல்லாவி எழுதியது:

றீபூட் என்றே எழுதினால்தான் என்ன? பஸ்ஸை பஸ் என்கிறோம். இன்னொன்றும் கேட்கவேண்டும். கைநூலில் பற்மேன் என்று இருக்கா, பேட்மேன் என்று இருக்கா? இந்திய மொழிமாற்றுப் படம் பார்த்துப் பிள்ளைகள் பேட்மேன் என்று எழுதுகிறார்கள். அதை இங்கே வாசித்தால் கெட்டவன் என்று வருகிறது.

கிளிநொச்சி ரீச்சர் எழுதியது:

பற்மேன். அதில் நான் உறுதி.

அச்சகத்தில் இருந்து இரண்டு தரம் அழைப்பு வந்துவிட்டது. கூடப்பேர் மீள்தொடக்கம் என்கிறபடியால் அதையே போடுகிறேன். மறுவழியை அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன், ஒட்டுசுட்டான் சொன்ன 2006க்கும் 2013க்கும் உள்ள வித்தியாசத்தையும் கீழே ஒரு பந்தியாக. எல்லாருக்கும் நன்றி.

ஒட்டுசுட்டான் எழுதியது:

அடிக்குறிப்பு காணாது. எனக்கு உடன்பாடில்லை என்று பதிவில இருக்கட்டும். அடுத்த வருசம் இதே சொல் வினாத்தாளில வரும், பிறகு அதை ஒருத்தராலும் எடுக்கேலாது.

வளாகத்துத் தம்பி எழுதியது:

ரீச்சர், ஒரு சந்தேகம். 2025 சுப்பர்மேன் படத்தை அட்டவணையில் எங்கே போட்டீர்கள்? ஆள் புது ஆள், டேவிட் கொரன்ஸ்வெட். பழைய படங்களோடு தொடர்பில்லை. ஆனால் கதை தொடங்கும்போதே அவர் சுப்பர்மேனாக வெளிப்பட்டு மூன்று வருசம். தொடக்கத்தையே காட்டாத படத்துக்கு மீள்தொடக்கம் என்று எப்படிப் போடுவது?

முள்ளியவளை ஐயா எழுதியது:

மறுவழி.

கிளிநொச்சி ரீச்சர் எழுதியது:

அட்டவணை போய்விட்டது தம்பி. அந்தப் பக்கம் எழுதினவன் ‘முதல்ல இருந்து’காரன். என்ன போட்டானோ தெரியாது, கண்காட்சிக்கு வந்து பாருங்கோ.